ஐ.பி. போட்டால் வீட்டில் என்ன மிஞ்சும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் முற்றிப்போய் என் மேசைக்கு எதிரில் வந்து உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு கடன் தள்ளுபடியாகும் என்று இல்லை. "வீட்ல இருக்கிற சாமானெல்லாம் போயிடுமா சார்?" என்றுதான். கூட வந்திருக்கும் மனைவி அதுவரை பேசாமல் இருந்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். சிறு நகரத்துச் சார்பு நீதிமன்றம் ஒன்றில் பல வருடங்களாக சிவில் வழக்கு நடத்துகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தனி ஆள் போடும் ஐ.பி.யைப் பற்றி, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் போடும் திவால் மனுவைப் பற்றி மட்டும்தான் இது. கம்பெனி திவால் வேறு கதை.

ஒரு சொல்லை முன்னாலேயே தெளிவாக்கிவிடுகிறேன். தமிழில் கடன்காரன் என்றால் கொடுத்தவனும் அவன்தான், வாங்கியவனும் அவன்தான். குழப்பம் வராமல் இருக்க, கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் என்றே எழுதுகிறேன்.

மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி., திவால் எல்லாம் ஒன்றுதானா?

ஊர்ப் பேச்சில் ஒன்றுதான். கோர்ட்டில் அதன் பெயர் இன்சால்வென்சி பெட்டிஷன், சுருக்கமாக ஐ.பி. தமிழில் நொடிப்பு மனு. சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டின் சட்டம். மனு உயர் நீதிமன்றத்தில் போகும். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். மனு மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ. இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்.

கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் வக்கீலை வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, "மஞ்சக் கடுதாசி கொடுத்தாச்சு, இனி யாரும் கேட்க முடியாது" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் கடிதம். அதை வைத்துக்கொண்டு ஒரு பாத்திரத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது. மனு தாக்கலாகி, நம்பராகி, விசாரணை முடிந்து, "இவர் நொடித்தவர்" என்று நீதிமன்றம் உத்தரவு போட்டால்தான் சட்டம் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

யார் போடலாம்?

கடனைக் கட்ட வழியில்லாமல் இருக்க வேண்டும். அதோடு மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்: மொத்தக் கடன் 500 ரூபாய்க்குக் குறையக்கூடாது, அல்லது பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியாகி அந்த உத்தரவு நடப்பில் இருக்க வேண்டும். 500 ரூபாய் 1920இல் பெரிய தொகை. இன்று ஊரில் பாதிப் பேர் அந்தத் தகுதியைத் தாண்டிவிடுவார்கள். கடன் கொடுத்தவரும் உங்கள் மேல் போடலாம். ஆனால் நீங்கள் சொத்தை மறைத்தது, ஊரை விட்டுப் போனது மாதிரி ஒரு செயலைக் காட்டி, அது நடந்த மூன்று மாதத்துக்குள் அவர் வர வேண்டும்.

உத்தரவு வந்ததும் என் சொத்து யாருடையது ஆகும்?

ரிசீவருடையது. நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரி அவர். சென்னையில் அஃபிஷியல் அசைனி என்பார்கள். உங்கள் வீடு, மனை, வண்டி, வங்கிக் கணக்கில் இருக்கும் பணம், யாராவது உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் அவர் கைக்குப் போகும். அவர் விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். உத்தரவு ஒரு வருடம் கழித்து வந்தாலும், மனு போட்ட தேதியிலிருந்தே அது நடப்புக்கு வந்ததாகத்தான் கணக்கு. ஆகவே நடுவில் எதையாவது விற்றுத் தள்ளிவிடலாம் என்பது நடக்காது.

ஆனால் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆவது பிரிவிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டப்படி எந்தப் பொருளை ஜப்தி செய்யக் கூடாதோ, அந்தப் பொருள் ரிசீவரிடம் போகாது. அந்தப் பட்டியல் சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவில் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி அந்த ஒரே பிரிவிலிருந்து வருபவைதான்.

சரி, வீட்டுக்குள் என்னென்ன நிற்கும்?

உடுத்தும் துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை. உங்களுடையது, மனைவியுடையது, பிள்ளைகளுடையது. "அவசியமான" என்று ஒரு சொல் சட்டத்தில் முன்னால் நிற்கிறது. அதை மறக்க வேண்டாம். அன்றாடம் உலை வைக்கும் பாத்திரத்தை யாரும் தொட முடியாது. பரணில் அடுக்கியிருக்கும் நாற்பது பித்தளை அண்டாவும் சமையல் பாத்திரம்தான் என்று வாதாடிப் பார்க்கலாம், ஜெயிப்பது கஷ்டம்.

டி.வி., ஃபிரிட்ஜ், சோபா, வாஷிங் மெஷின் இவையெல்லாம் பட்டியலில் இல்லை. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஃபிரிட்ஜை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்குப் பிறகு திருத்தம் செய்தவர்களும் சேர்க்கவில்லை. பழைய ஃபிரிட்ஜுக்கு ஏலத்தில் என்ன விலை வந்துவிடும், தூக்கிப்போகும் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும் என்று கடன் கொடுத்தவர்கள் விட்டுவிடுவது உண்டு. அது அவர்கள் கணக்கு. உங்கள் உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மனைவியின் தாலி, நகை?

சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றிக் கொடுக்க முடியாத நகைகளை ஜப்தி செய்யக் கூடாது. தாலிக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு கிடையாது. இத்தனை பவுன் வரைதான் என்று 60ஆவது பிரிவில் அளவு எதுவும் போடவில்லை.

ஆனால் பலரும் தவறவிடும் இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போட்ட நகை, சீராக வந்த பாத்திரம், பீரோ இவை சீதனம். அவை மனைவியின் சொந்தச் சொத்து. கடன் உங்களுடையது, அதில் அவர் கையெழுத்துப் போடாதவரை அவருடைய பொருளை உங்கள் கடனுக்கு எடுக்க முடியாது. விலக்குப் பட்டியலைத் தேடவே வேண்டியதில்லை.

நிரூபிப்பதில்தான் சிக்கல். முப்பது வருடத்துக்கு முன் போட்ட சங்கிலிக்கு யாரிடம் ரசீது இருக்கும்? நான் கேட்டு வாங்குவது இவைதான்: கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படம், சீர்வரிசை எழுதிய நோட்டு இருந்தால் அது, பழைய அடகுச் சீட்டில் மனைவியின் பெயர். ஒரு தடவை, மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் தன் கையெழுத்தில் "சங்கிலி 3 பவுன், தோடு 1 ஜதை, வெள்ளிக் குத்துவிளக்கு 2" என்று எழுதி வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. மஞ்சள் தடவிய நோட்டு அது, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது.

அடகுக் கடையிலோ வங்கியிலோ வைத்த நகைக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதன் மேல் அவர்களுக்குத்தான் முதல் பிடி. ஏலம் போட்டு மிச்சம் ஏதாவது வந்தால் அது நகைக்குச் சொந்தக்காரருக்குச் சேரும். நகை உங்களுடையதாக இருந்தால் ரிசீவருக்கு.

நான் தையல்காரன். மெஷினை எடுத்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வேன்?

எடுக்க முடியாது. கைவினைஞரின் தொழிற்கருவிகளுக்கு விலக்கு உண்டு. தையல் மெஷின், தச்சரின் இழைப்புளி, பொற்கொல்லரின் பட்டறைச் சாமான், நெசவாளியின் கைத்தறி எல்லாம் இதற்குள் வரும். தன் கையால் வேலை செய்பவன் அந்தக் கருவி இல்லாமல் பிழைக்க முடியாது என்பதுதான் காரணம். அதே காரணத்தால், பத்து ஆளைச் சம்பளத்துக்கு வைத்து இருபது விசைத்தறி ஓட்டுபவர் அவையெல்லாம் என் கருவி என்று சொன்னால் எடுபடுவது சிரமம். அது கருவி என்பதைவிட முதலீடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், சொந்தமாக ஓட்டிப் பிழைக்கும் ஆட்டோக்காரர் மாதிரி, வாதாடித்தான் பார்க்க வேண்டும். ஃபைனான்ஸில் இருக்கும் வண்டியாக இருந்தால் அந்த வாதத்துக்கும் இடமில்லை, ஆர்.சி. புத்தகத்திலேயே ஃபைனான்ஸ்காரர் பெயர் இருக்கும்.

சொந்த வீடு தப்புமா?

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில், இல்லை. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகிய மூன்று வகையினர் தாங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வீடும், அது நிற்கும் இடமும், அதைப் பயன்படுத்தத் தேவையான ஒட்டிய இடமும் சேர்ந்து தப்பும். மாதச் சம்பளக்காரர், கடைக்காரர், கான்ட்ராக்டர், ஆசிரியர் இவர்களுக்கு வீட்டு விலக்கு கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு வரம்பு வரை பாதுகாப்பு உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அது அந்த ஊர்ச் சட்டம்.

விவசாயி என்றால் யார் என்பதையும் சட்டமே சொல்கிறது. தானே பயிர் செய்ய வேண்டும். குடும்பத்தாரை வைத்தோ கூலி கொடுத்தோ செய்தாலும் சரிதான். பிழைப்பு முக்கியமாக அந்த வருமானத்தில் நடக்க வேண்டும். சொந்த நிலமோ குத்தகை நிலமோ, இரண்டும் ஒன்றுதான். ஊரில் நாலு ஏக்கர் வைத்துக்கொண்டு திருப்பூரில் கம்பெனி நடத்துபவர் இந்த வரையறைக்குள் வர மாட்டார். சிட்டா, அடங்கல், கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் புத்தகம், நெல் போட்ட ரசீது இவை இருந்தால் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லலாம்.

வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருந்தால்? அந்தக் கடனுக்கு வங்கி அந்த வீட்டின் மேல் வரும். ஐ.பி. போட்டாலும் அடமானம் வாங்கியவரின் கை கட்டப்படாது என்று நொடிப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கோர்ட்டில் வழக்குப் போடாமலே நடவடிக்கை எடுக்கலாம்.

நிலமும் மாடும்?

இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்கள் குறைவு: விவசாயியின் வீடு தப்பும், நிலம் தப்பாது. ஏர், கலப்பை முதலான உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளும், விதைநெல்லும் விலக்கில் வரும். நிலத்துக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. விவசாய நிலத்தின் மேல் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வர முடியாது என்பது உண்மை. அதனால் வேறு வழியில் வழக்குப் போட்டு வரவே முடியாது என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது.

சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்?

முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு. 31,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆயிரம் போக 30,000. அதில் 20,000 உங்களுடையது. ஆக 21,000 தப்பும், 10,000 வரைதான் ஜப்திக்கு உள்ளாகும். ஜீவனாம்ச உத்தரவு என்றால் கணக்குத் தலைகீழ்: மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்கு மிஞ்சும். கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் கூலியைத் தொடவே கூடாது.

பி.எஃப்., பணிக்கொடை, பென்ஷன், எல்.ஐ.சி.?

இங்கேதான் சட்டம் உறுதியாக நிற்கிறது. பி.எஃப். பணத்தில் ரிசீவருக்கோ அசைனிக்கோ உரிமை கிடையாது. பணிக்கொடைக்கும் தனிச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பென்ஷன், பி.பி.எஃப்., உங்கள் உயிரின் மேல் எடுத்த ஆயுள் காப்பீட்டுத் தொகை இவையெல்லாம் 60ஆவது பிரிவில் வருகின்றன. பென்ஷன் பணத்தையும் பணிக்கொடையையும் வாங்கி வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டாலும் அதன் தன்மை மாறாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வேறு வரவுகளையும் அதே கணக்கில் போட்டுக் கலக்க வேண்டாம். எது எந்தப் பணம் என்று காட்ட வேண்டியவர் நீங்கள்.

நன்றாக இருக்கும் காலத்திலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி, மனைவி மக்களுக்காக என்று எழுதிப் பாலிசி எடுத்தால், அது அவர்களுக்கான அறக்கட்டளை மாதிரி ஆகிவிடும். உங்கள் கடனுக்கு அது போகாது. பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே பாலிசி எடுத்தார் என்று தெரிந்தால், பாலிசித் தொகையிலிருந்து அவர்கள் கேட்கலாம்.

மனு போடுவதற்கு முன் வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைத்துவிடலாமா?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். பல பேர் எழுதி வைத்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள்.

மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் செய்த இனாம் மாற்றம் எதுவானாலும், அது செட்டில்மென்டோ தானமோ, ரிசீவர் கேட்டால் நீதிமன்றம் ரத்து செய்துவிடும். நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு விற்றது நிற்கும். திருமணத்தை முன்னிட்டு, திருமணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்ததும் நிற்கும். கல்யாணமாகி இருபது வருடம் ஆன மனைவிக்கு எழுதியது அதில் சேராது. இரண்டு வருடம் கடந்துவிட்டால் தப்பிக்கலாமா என்றால், அதற்குச் சொத்து மாற்றுச் சட்டம் காத்திருக்கிறது: கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்த மாற்றத்தை அவர்கள் செல்லாததாக்கலாம். வேடிக்கை என்னவென்றால், நொடிப்புச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம் இரண்டிலும் இதைச் சொல்வது 53ஆவது பிரிவுதான். மனப்பாடம் செய்ய வசதி.

கூலிக்குப் போய்க்கொண்டே சின்னதாகக் கடையும் வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். ஓட்டு வீடு, அதை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு, எட்டாவது மாதம் ஐ.பி. போட வந்தார். கூலித் தொழிலாளி என்று நிரூபித்திருந்தால் அந்த வீட்டைச் சட்டப்படியே காப்பாற்றியிருக்கலாம். ஆனால் பதிவு அலுவலகத்துப் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறைப்பதற்காகச் செய்த பத்திரம், அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. வில்லங்கச் சான்று எடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதைக்கூட அவர் யோசித்திருக்கவில்லை.

விலக்கு கேட்பது வேறு, மறைப்பது வேறு. விலக்கு வேண்டும் என்றால் அந்தப் பொருளை மனுவில் எழுத வேண்டும். எழுதி, இன்ன பிரிவில் இது எனக்கே சேரும் என்று சொல்ல வேண்டும். மனுவின் சொத்துப் பட்டியலில் எழுதாத பொருளுக்கு விலக்கு கேட்க முடியாது.

மச்சானிடம் வாங்கிய கடனை மட்டும் முதலில் தீர்த்துவிட்டு மனு போட்டால்?

ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தரும் எண்ணத்தோடு, மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கொடுத்தது செல்லாது. மச்சானிடமிருந்து ரிசீவர் திருப்பி வாங்குவார். பணமும் போகும், உறவும் கெடும்.

அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வருமே?

அப்பா உயிரோடு இருக்கிறார், அது அவர் சுயமாகச் சம்பாதித்தது என்றால், அதில் உங்களுக்கு இப்போது எதுவும் இல்லை. "வரலாம்" என்ற எதிர்பார்ப்பை யாரும் ஜப்தி செய்ய முடியாது. பூர்வீகச் சொத்தில் பிரிக்காத பங்கு இருந்தால் அது உங்கள் சொத்து, போகும்.

நொடித்தவர் என்று உத்தரவு வந்து, கடன்களிலிருந்து உங்களை விடுவிக்கும் உத்தரவு (விடுவிப்பு) கிடைக்காத காலத்தில் அப்பா காலமானால், உங்கள் பங்கு நேரே ரிசீவருக்குப் போய்ச் சேரும். அந்த நேரத்தில் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் பயன் இல்லை. இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பது?

சென்னையில் இருப்பவர்களுக்கு விதி வேறா?

வேறுதான், கொஞ்சம் கொடுமையாகவும் இருக்கும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கருவி, துணி, படுக்கை, பாத்திரம், மரச்சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்திருக்கும் விலக்கு 300 ரூபாய். இன்றைக்கு அதில் ஒரு நல்ல குக்கர்கூட வராது. பி.எஃப்., பணிக்கொடை மாதிரி தனிச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை சென்னையிலும் பாதுகாப்பாகவே இருக்கும்.

2016இல் புதுத் திவால் சட்டம் வந்துவிட்டதே?

வந்தது. தனிநபருக்கான அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. நீங்கள் ஒரு கம்பெனியின் இயக்குநராக இருந்து வங்கிக்கு ஜாமீன் போட்டிருந்தால் அது உங்களுக்குப் பொருந்தும். வழக்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் நடக்கும். அதில் விலக்குகள் இந்தக் காலத்துக்கு ஏற்றவை: அடமானத்தில் இல்லாத தொழிற்கருவி, வாகனம், வீட்டுச் சாமான், ஆயுள் காப்பீடு, சமய வழக்கப்படி கழற்ற முடியாத நகை ஒரு லட்சம் ரூபாய் வரை, குடியிருக்கும் ஒரே வீடு நகரத்தில் 20 லட்சம், கிராமத்தில் 10 லட்சம் மதிப்பு வரை. மளிகைக் கடைக்காரருக்கும் நெசவாளிக்கும் இன்னும் நூறு வருடப் பழைய சட்டம்தான். இது ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் கோபம்தான்.

ஐ.பி.யில் எந்தக் கடன் கழியாது?

அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியது, ஏமாற்றி வாங்கியது, நம்பிக்கை மோசடியில் வந்தது, மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம். அப்புறம், உங்களுக்கு ஜாமீன் போட்ட நண்பருக்கு இதில் எந்த விடுதலையும் இல்லை. நீங்கள் ஐ.பி. போட்ட மறுநாள் வசூல்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். மனு போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

செக் கொடுத்திருக்கிறேன், பவுன்ஸ் ஆகிவிட்டது.

அது குற்ற வழக்கு. ஐ.பி. போட்டதாலேயே நின்றுவிடாது. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கடனுக்காக என்னைப் பிடித்து உள்ளே போடுவார்களா?

வழியில்லாமல் கட்டாதவரைச் சிறையில் போடக் கூடாது, கையில் வைத்துக்கொண்டே கட்டாதவரைத்தான் போடலாம் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் கொச்சி வங்கி வழக்கொன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஐ.பி.யில் உத்தரவு வந்த பிறகு, கைதுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவும் கேட்டு வாங்கலாம்.

அமீனா வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது?

பதற வேண்டாம். அவர் கோர்ட் ஊழியர். உத்தரவைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். வழக்கு எண், தொகை, உங்கள் பெயர் சரியா என்று பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் அவர் நுழையக் கூடாது. எழுதும் பொருள்களில் விலக்குக்கு உரியது இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம்; உங்கள் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாளே வக்கீல் மூலம் மனுப் போடலாம்.

அமீனாவும் வசூல் ஆளும் ஒன்றில்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டுச் சாமானைத் தூக்க வருபவர் யாராக இருந்தாலும் போலீசுக்குப் போகலாம். வங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை.

கடன் பத்திரத்தில் "எந்த விலக்கும் கோர மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

செல்லாது. 60ஆவது பிரிவின் விலக்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. எத்தனை பக்கத்தில் எத்தனை கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி.

உத்தரவு வந்தால் எல்லாம் முடிந்ததா?

அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நொடித்தவர் என்று உத்தரவு போடும்போதே, விடுவிப்புக்கு எத்தனை நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் குறிக்கும். அதற்குள் மனுப் போடாவிட்டால் பழைய உத்தரவே ரத்தாகும்; கடன் கொடுத்தவர்கள் திரும்ப வருவார்கள். மறுபடி ஐ.பி. போட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

விடுவிப்பு மனுவில் நீதிமன்றம் உங்கள் நடத்தையைப் பார்க்கும். ரூபாய்க்கு எட்டணா, அதாவது கடனில் பாதி அளவுக்குக்கூடச் சொத்து இல்லை என்றால், அது உங்கள் தவறால் வந்த நிலைமை இல்லை என்று காட்ட வேண்டும். சூதாட்டம், வரவுக்கு மீறிய ஆடம்பரம், கணக்குப் புத்தகம் வைக்காதது எல்லாம் குறுக்கே நிற்கும். சொத்தை மறைத்தது தெரிந்தால் ஒரு வருடம் வரை சிறை. விடுவிப்பு கிடைக்கும் வரை, தான் நொடித்தவர் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். சட்டத்தின் எழுத்துப்படி டீக்கடை பாக்கியே அதைத் தாண்டிவிடும். அதுவரை எம்.எல்.ஏ., எம்.பி. ஆகவும் முடியாது. என்னிடம் வந்தவர்களில் அதற்காக வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

வக்கீலைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் யாருக்கு, எவ்வளவு, எந்த வருடம், எதன் பேரில் தர வேண்டும் என்று எழுதுங்கள்; புரோநோட்டா, செக்கா, வாய்ப்பேச்சா என்பதும் வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இரண்டாம் பாதியில் வீட்டை ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து எழுதுங்கள். நான் கடைசியாகப் போட்ட மனுவின் சொத்துப் பட்டியல் இப்படித் தொடங்குகிறது: "இரும்புக் கட்டில் 1. பாய் 3. தலையணை 4. எவர்சில்வர் குடம் 2. கிரைண்டர் 1, ஓடாது. தையல் இயந்திரம் 1, கால் மிதியுடன். சைக்கிள் 1." அந்த அம்மா கிரைண்டரை எழுத வேண்டாம் என்றார், ஓடாதே என்றார். ஓடாவிட்டாலும் எழுதுங்கள்.